நான்காம் ஆடுகளமும் வீட்டு டிவியும்

பகல் பன்னிரண்டு நாற்பது. வடக்கு கேலரியின் கீழ்ப்படியில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், எல்லைக் கயிற்றை ஒட்டி, நுனி இரண்டும் மைதானத்தைப் பார்த்தபடி ஒழுங்காக விடப்பட்டிருந்தது. ஆட்டம் மூன்று மணிக்கு. கேட் திறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. கேலரியில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். அதில் நான்கு பேர் போலீஸ்.

செருப்புக்குச் சொந்தக்காரர் நடு மைதானத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார். அவர் என் அக்காவின் கணவர். மைசூரில் உள்ள அந்த கிரிக்கெட் மைதானத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஊழியர். மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது, வெயில் வந்தால் அதை மடித்து வைப்பது, புல் வெட்டுவது, ரோலர் தள்ளுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. கூட வேலை செய்பவர்கள் கேன்வாஸ் ஷூவோடு ஆடுகளத்தில் ஏறுவார்கள். இவர் மட்டும் போட்டி நாளில் செருப்பைக் கயிற்றருகே விட்டுவிட்டுப் போவார். பக்தி என்று நினைத்து ஒரு புகைப்படக்காரர் அதைப் படம் எடுத்திருக்கிறார். பக்தி இல்லை. மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அவருக்கு உள்ளங்காலில்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய கேலி உண்டு. மாநில லீக் போட்டிகள் நடக்கும் ஆகஸ்டில், தினமும் மைதானத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருபவர் கை கால் கழுவிக்கொண்டே அக்காவிடம் கேட்பார்.

"ஏம்புள்ள, இன்னிக்கு ஜெயிச்சது யாரு?"

"அங்கதான நின்னீங்க?"

"நின்னேன். மேட்ச் எங்க பாத்தேன்?"

இதில் அவர் மேல் தப்பு இல்லை. ஆட்டம் நடக்கும்போது அவர் பார்ப்பது இரண்டே இடங்கள். ஒன்று வானம், மற்றொன்று மண். அக்காவும் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து மூன்றரை மணி நேரம் ஆட்டம் பார்ப்பார். ஆனால் பந்தைப் பார்ப்பதில்லை. பந்து எல்லைக் கோட்டுக்குப் போகும்போது கேமரா அதைத் துரத்துமே, அந்த ஒன்றிரண்டு நொடிகளில் கயிற்றருகே நிற்கும் கணவர் தெரிகிறாரா என்று பார்ப்பார். தெரிந்தால் விமர்சனம் உண்டு. இந்தப் போட்டிக்கு முந்தின நாள் ஆட்டம் முடிந்த மாலையும் இருந்தது.

"டேய் தம்பி, இவுரு மூணு பட்டன்ல ரெண்டப் போடாம நின்னாருடா. ரெண்டு தடவ காட்டினாங்க. கொள்ளேகால்ல இருந்து சித்தி போன் பண்ணிக் கேக்குது."

ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த காலர் வைத்த பனியனில் மூன்று பட்டன்கள். மறுநாள் காலை மூன்றையும் அக்காவே போட்டு அனுப்பினார். வெளிவேலிக்கருகே வந்து எனக்கு பாஸ் கொடுத்தபோது மச்சானுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு கன்னட நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் வெளியே வந்தவன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இது வீட்டு விஷயம் என்பதுதான். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் எழுதிய கிரிக்கெட் செய்திகளில் பெரும்பாலானவை அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த டிவியைப் பார்த்து எழுதியவை. 'மாலை வெயில் மைதானத்தில் சாய்ந்து கிடந்தபோது' என்று பலமுறை எழுதியிருக்கிறேன். எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. 'அரங்கம் அதிர்ந்தது' என்று எழுதியபோதெல்லாம் டிவியில் சத்தம் அணைக்கப்பட்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் வானிலைக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார், அவருக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக. இதெல்லாம் மச்சானுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் அவர் இப்படிச் சொல்வார்:

"மாப்ள எங்க கிரவுண்டப் பத்தி வண்டி வண்டியா எழுதியிருக்காப்ல. ஆனா கேட்டு எந்தப் பக்கம்னு மட்டும் கேட்டுடாதீங்க."

அந்தப் புதன்கிழமை நான் மைதானத்துக்குப் போனது ஆட்டம் பார்ப்பதற்காக அல்ல. மச்சான் கூப்பிட்டிருந்தார்.

மைதானத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் ஒன்பது ஆடுகளங்கள் இருக்கின்றன. எந்தப் போட்டிக்கு எது என்று முடிவு செய்வதும் அதைத் தயாரிப்பதும் கியூரேட்டர் எனப்படும் பொறுப்பாளரின் வேலை. எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நிறுத்துவது, எத்தனை முறை ரோலர் போடுவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். மற்றவர்கள் செய்வார்கள். மச்சான் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்தவர். அந்த மாதம் கியூரேட்டரின் மகளுக்குக் குண்டலுபேட்டையில் பிரசவ நேரம். அவர் ஒரு வாரம் விடுப்பில் போகும்போது மச்சானைக் கூப்பிட்டு, புதன்கிழமை ஆட்டத்துக்கு நான்காம் எண் ஆடுகளத்தை நீயே தயார் செய் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது அவ்வளவுதான். எத்தனை முறை ரோலர் என்று சொல்லவில்லை.

கியூரேட்டருக்கு ஓய்வு பெறும் வயது. அடுத்து யார் என்று கிரிக்கெட் சங்க அலுவலகத்தில் பேச்சு ஆரம்பித்திருந்தது. நான்காம் எண் நன்றாக அமைந்தால் மச்சான் பெயரும் அந்தப் பேச்சில் வரும். கெட்டுப் போனால் அவருக்கு மறுபடி தார்ப்பாய்தான். இதை அவர் இவ்வளவு வரிசையாகச் சொல்லவில்லை. "இந்த ஒரு பிட்ச்சு சரியா வந்துட்டா போதும் மாப்ள" என்று மட்டும் சொன்னார். மூன்று நாளில் நான்கு தடவை சொன்னார்.

சரியாக வந்ததா என்பதை யார் சொல்வது? இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

"ஆபீஸ்காரங்க யாரும் வந்து மண்ணத் தொட்டுப் பாக்கறதில்ல. டிவில என்ன சொல்றாங்களோ அதக் கேட்டுக்கிட்டுத்தான் வருவாங்க. அதனால டிவில என்ன சொன்னாங்கன்னு எனக்கு மொதல்ல தெரியணும்."

நேரலை தொடங்கியதும் கோட்டு போட்ட ஒரு முன்னாள் ஆட்டக்காரர் மைக்கோடு ஆடுகளத்துக்கு வருவார். குனிந்து பார்ப்பார், சாவியால் மண்ணை அழுத்துவார், இது எப்படிப்பட்ட ஆடுகளம் என்று இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார். மச்சான் கயிற்றருகேதான் நிற்பார். ஆனால் அவருக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. மூன்று கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருக்கும் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்கும். மச்சானிடம் போன் கிடையாது. போட்டி நாளில் கயிற்றுக்கு உள்ளே வேலை செய்பவர்களின் போன்களைக் காலையிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். ஆகவே ஏற்பாடு இது: அக்கா டிவியில் கேட்டு எனக்கு போன் செய்ய வேண்டும், நான் வேலியோரம் வரும் மச்சானிடம் சொல்ல வேண்டும். ஒரு சிறிய செய்தி நிறுவனம். நிருபர் வீட்டில், வாசகர் மைதானத்தில், நடுவில் செய்தியைச் சரிபார்க்கும் டெஸ்க் நான்.

டெஸ்க்கில் இருந்த காலத்தில் நிருபர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எப்போது நடந்தது என்பது. அதைக் கேட்டுக் கேட்டே சிலருக்கு என்னைப் பிடிக்காமல் போனது.

ஒன்று பன்னிரண்டுக்கு அக்கா கூப்பிட்டார்.

"ஆரம்பிச்சுட்டாங்கடா. கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் பிட்ச்சு மேல நிக்கறாரு."

"என்ன சொல்றாரு?"

"இரு, இரு. வெடிப்பு இருக்குதாம். சாவிய உள்ள விட்டுக் காட்டறாரு. பந்து நின்னு நின்னு வருமாம். ஒண்ணு ரெண்டு தரையோட தாழப் போகுமாம். ரெண்டாவது பேட் பண்றவங்க கஷ்டப்படுவாங்களாம்."

நான் நோட்டில் எழுதினேன்: '1.12. வெடிப்பு. நின்று வரும். தாழும்.' நேரத்தைக் குறிப்பது பழைய பழக்கம். நிமிர்ந்து பார்த்தபோது ஆடுகளத்தின் மேல் கோட்டு போட்டவர் யாரும் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

தண்ணீர் குடிப்பதற்காக மச்சான் வேலியோரம் வந்தார். நான் நோட்டைப் பார்த்துப் படித்தேன்.

"வெடிப்பா?" என்றார்.

"சாவி விட்டுக் காட்டினாராம்."

"நாலாம் நம்பர்லயா?"

"ஆமாங்க மச்சான்."

அவர் தண்ணீர் பாட்டிலை மூடினார். திறந்தார். குடிக்காமலே மறுபடி மூடினார்.

"காலைல ஆறு மணிக்கு வெரல் வச்சுப் பாத்தேனே மாப்ள. சுத்தமா இருந்துச்சு."

"டிவில ரொம்பப் பக்கத்துல காட்டுவாங்க மச்சான். நம்ம கண்ணுக்குத் தெரியாதது அதுல தெரியும்."

இதைச் சொன்னதும் நான்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் டிவியை நம்பிச் சாப்பிட்டவன் வேறென்ன சொல்வான்.

மச்சான் திரும்பிப் போய் ஆடுகளத்தின் ஒரு முனையில் மண்டியிட்டார். முகத்தை மண்ணுக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு, கழன்று விழுந்த மூக்குத்தியைத் தேடுவதுபோல், ஒவ்வோர் அடியாக மறுமுனை வரை நகர்ந்தார். இருபத்திரண்டு கஜம். அதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. பிறகு எழுந்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினார். ஹனூர்க்காரர் ஒருவர் அவருக்குக் கீழே கயிறு இழுப்பவர். அவரைக் கூப்பிட்டு சின்ன ரோலரைக் கொண்டு வரச் சொன்னார். இருவரும் சேர்ந்து எட்டு முறை போனார்கள், எட்டு முறை வந்தார்கள். மறுபடி குனிந்து பார்த்தார். இல்லாத வெடிப்பை ரோலர் எப்படி மூடும்? அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை.

கேலரி மெதுவாக நிறைந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்து உட்கார்ந்து, நாளிதழை விரித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கைபேசியில் வேறு ஏதோ நாட்டில் நடக்கும் கிரிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கியைப் பரிசோதிக்கிறேன் என்று யாரோ பாட்டுப் போட்டார்கள். மச்சான் ஓரத்துக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் பூவாளி இருந்தது.

டிவி பார்த்துத்தான் எழுதினேன் என்றாலும் சில விஷயங்கள் தெரியும். மூன்று மணி ஆட்டத்துக்கு ஒன்றரை மணிக்குத் தண்ணீர் தெளித்தால் மேல்மண் ஈரமாகவே இருக்கும். பந்து விழுந்த இடமெல்லாம் குழியாகும். அப்புறம் வெடிப்பு உண்மையிலேயே வரும்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு அக்காவின் இரண்டாவது போன்.

"டேய், நம்ம ஊரு டீம் டாஸ் ஜெயிச்சிருச்சு."

நான் நடு மைதானத்தைப் பார்த்தேன். அங்கே பூவாளியோடு மச்சான் மட்டும் இருந்தார்.

"அக்கா, டாஸ் ரெண்டரைக்கு."

"இங்க போட்டாச்சுடா. கேப்டன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான்."

"அவன் இங்க அந்தக் கோடில புட்பால் வெளையாடிக்கிட்டு இருக்கான்."

"அப்ப இவன் யாரு?" என்றார் அக்கா.

"டிவி மூலையில லைவ்னு போட்டிருக்குதா பாரு."

"மூலையில சோப்பு வெளம்பரம் வருது. இரு, கவுத்துகிட்ட உங்க மச்சான் நிக்கறாரு. அட, மறுபடியும் ரெண்டு பட்டன் போடாம... காலைல நான்தானடா மூணையும் போட்டு அனுப்பினேன்?"

"ஆமா."

"டேய். இது நேத்து மேட்ச்சு."

முந்தின நாள் ஆட்டமும் மூன்று மணிக்குத்தான். அதே ஊர் அணி. அதே வெயில். ஆனால் அது ஆறாம் எண் ஆடுகளத்தில் நடந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அடி வாங்கிய ஆடுகளம். அதில் வெடிப்பு இருந்தது உண்மை. கோட்டு போட்டவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் மதியம் சேனல்காரர்கள் அதைத் திரும்பப் போட்டதிலும் தப்பில்லை. எப்போது நடந்தது என்று டெஸ்க் கேட்டிருக்க வேண்டும்.

நான் எழுந்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மச்சான்" என்று கத்தினேன். ஒலிபெருக்கிப் பாட்டு அதைச் சாப்பிட்டுவிட்டது. கைகளை ஆட்டினேன். மூன்று வரிசை மேலே யாரோ எனக்குப் பதிலாகக் கையாட்டினார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் வந்து, "கூத்கொள்ளி சார்" என்று உட்காரச் சொன்னார். நான் கன்னடத்தில் விளக்கினேன். பிட்ச்சில் வெடிப்பு இல்லை, அதை அந்த ஆளிடம் உடனே சொல்ல வேண்டும். கான்ஸ்டபிள் பிட்ச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெடிப்பு இருக்கிறதென்று யார் சொன்னது?"

"நான்தான்."

அவர் மறுபடியும் உட்காரச் சொன்னார்.

எழுபது மீட்டர் தூரத்தில் எல்லாம் தெரிகிறது. எதையும் செய்ய முடியாது. மைதானத்தில் நேரில் பார்ப்பது என்பது இதுதான் என்று அப்போது தோன்றியது. மச்சான் பூவாளியை இரண்டு கையாலும் தூக்கினார். அதன் மூக்கு ஆடுகளத்தின் மேல் சாய்ந்தது. அப்படியே நின்றார். பிறகு தலையைத் திருப்பி இடப்பக்கம் எதையோ பார்த்தார். பூவாளி மெதுவாக நிமிர்ந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, வேறு வேலையாக வந்தவர்போல், ஆடுகளத்தைச் சுற்றிக்கொண்டு கயிறு வரை நடந்து, வெளியே இருந்த புல்லில் முழுவதையும் ஊற்றினார். ஒன்று நாற்பத்தாறு.

ஹனூர்க்காரர் வேலிப் பக்கம் கயிற்றைச் சரிசெய்ய வந்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய் மச்சான் காதில் சொன்னார். மச்சான் கேட்டார். என் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். டிவியாக இருந்தால் இந்த இடத்தில் முகத்தைப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள். எனக்கு அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. தெரியாதது நல்லது.

இரண்டு இருபதுக்கு உண்மையான கோட்டு வந்தது. உண்மையான சாவியை எடுத்து, நான்காம் எண்ணில், மச்சானின் மண்ணில் அழுத்தினார். வாய் அசைந்தது. ஒருமுறை தலையாட்டினார், அது நன்றா கெட்டதா என்று தெரியவில்லை. மச்சான் கயிற்றருகே கைகட்டி நின்று அந்த வாயையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அக்காவுக்கு போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடி செய்தேன். பிஸி. கோட்டு போட்டவர் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார், காலால் மண்ணைத் தட்டினார், ஏதோ சொல்லிச் சிரித்தார். பிஸி. அவர் மைதானத்தை விட்டு வெளியேறிய பிறகு லைன் கிடைத்தது.

"என்னடா, ஏழு தடவ கூப்பிட்டிருக்க?"

"பிட்ச்சப் பத்தி என்ன சொன்னாங்க?"

"அத யாருடா பாத்தா? லைவ் ஆரம்பிச்சதும் மொதல்ல இவுரத்தான் காட்டினாங்க. முன்னாடியே எடுத்து வச்சிருந்திருக்காங்க. பூவாளியத் தூக்கிக்கிட்டு நடந்து போறாரு, பின்னால மைதானம் பூராத் தெரியுது. சித்திக்கு போன் பண்ணேன், ஹனூர்ல பெரியம்மாவுக்குப் பண்ணேன், மேல் வீட்டம்மாவக் கூப்பிட்டேன். மூணு பட்டனும் போட்டிருந்தாருடா."

வேலிக்கு அந்தப் பக்கம் மச்சான் புருவத்தைத் தூக்கினார். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

ஆக, நான்காம் எண்ணைப் பற்றி மாநிலம் முழுவதும் கேட்ட தீர்ப்பு எங்கள் மூவருக்கு மட்டும் தெரியாமல் ஆட்டம் தொடங்கியது.

ஆட்டத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. இது வெட்கப்பட வேண்டிய விஷயம். முதல் விக்கெட் விழுந்தபோது நான் சுருமுரி எனும் மசாலாப் பொரிப் பொட்டலத்தில் வெங்காயத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்து, மறுபடி காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். மைதானத்தில் நடந்ததை யாரும் மறுபடி நடத்திக் காட்டவில்லை. பெரிய திரையில் நகைக்கடை விளம்பரம் ஓடியது. பக்கத்துக் கணவன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "யாரு அவுட்டாத்ரு?" என்று என்னைக் கேட்டார். நான் தெரியாது என்றேன். நேரில் வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அக்காவோடு பேசிக்கொண்டே பார்க்கலாம் என்று முயன்றதும் நடக்கவில்லை. டிவி ஏழெட்டு நொடி பின்னால் வந்தது. நான் சிக்ஸர் என்றால் அவர், "இன்னும் ஓடி வந்துக்கிட்டே இருக்கான், சும்மா இரு" என்பார். நான்கு பந்துக்குப் பிறகு, "எல்லாத்தையும் நீயே முன்னாடி சொல்லிப்புட்டா நான் எதடா பாக்கறது?" என்று வைத்துவிட்டார்.

அதன்பின் நான் மச்சானைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பந்து உயரப் போனால் கேலரியில் எல்லாத் தலைகளும் அதோடு மேலே போகும். அவர் தலை மட்டும் கீழேயே இருக்கும். பந்து எங்கே போனது என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எங்கே விழுந்து எவ்வளவு எழும்பியது என்பதுதான். ஒவ்வொரு பந்துக்கும் அவர் வலது கை பாதி மூடி, தொடைக்குப் பக்கத்தில் ஓர் உயரத்தில் நின்று, பந்து மட்டைக்காரரைத் தாண்டியதும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நானும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அணி ஆடியபோது பந்து தாழ்ந்து போகிறதா, தாழ்ந்து போகிறதா என்று எண்ணியதில் யார் எத்தனை ரன் என்பது மண்டையில் ஏறவே இல்லை. ஒரு பந்து தாழ்வதுபோல் இருந்தது. மட்டைக்காரர் குனிந்தார். பார்த்தால் ஷூ லேஸ்.

ஆட்டம் ஆறே காலுக்கு முடிந்தது. கூட்டம் எழுந்து, பாட்டில்களையும் தொப்பிகளையும் விட்டுவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மச்சான் தார்ப்பாய் போட்டுவிட்டு வேலியோரம் வந்தார்.

"வெடிப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியுமில்ல, அப்புறம் எதுக்கு மச்சான் பூவாளி எடுத்தீங்க?"

"டிவில சொன்னாங்கன்னு நீதான சொன்ன."

"சரி, அப்புறம் ஏன் ஊத்தல?"

"கேமராக்காரன் ஒருத்தன் என் பக்கம் திருப்பினான். செவப்பு லைட்டு எரிஞ்சுது. மேட்ச்சுக்கு முன்னாடி பிட்ச்சுல தண்ணி ஊத்தறத ஊரு பூராப் பாத்தா என்ன ஆகும்? வெக்கமாப் போச்சு மாப்ள. திரும்பி நடந்துட்டேன்."

அலமாரியைத் திறந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஆறு நாற்பது. மச்சானின் போனில் மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் கியூரேட்டருடையவை. நான்காவதாக அது கையிலேயே அடித்தது. மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஏனோ செருப்பிலிருந்து காலை வெளியே எடுத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவின் சத்தம். கியூரேட்டர் கன்னடத்தில், பெண் குழந்தை, காலையிலேயே பிறந்துவிட்டது, இருவரும் நலம் என்றார். மதியம் முழுவதும் மருமகனின் போனில் ஆட்டம் பார்த்ததாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ரெண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்துகூடத் தாழவில்லை. பார்த்தேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரெண்டாம் நம்பர். அதையும் நீயே போடு. ஆபீசில் சொல்லிவிட்டேன்."

"சரி சார்."

"அதிருக்கட்டும், அந்தப் பூவாளி எதற்கு நடுவில் வந்தது?"

மச்சான் என்னைப் பார்த்தார்.

"கழுவறதுக்கு சார்."

வியாழனும் வெள்ளியும் ஆட்டம் இல்லை. ஏற்கெனவே பாதி தயாராகியிருந்த இரண்டாம் எண்ணில் மச்சான் இரண்டு நாளும் காலை ஐந்தரையிலிருந்து இருட்டும்வரை இருந்தார். வீட்டில் அக்கா பதினொரு பேருக்குச் சொல்லியிருந்தார், சனிக்கிழமை மூன்று மணிக்கு டிவி போட வேண்டும் என்று. இந்த முறை மூலையில் லைவ் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளவும் சொல்லியிருந்தார். பிட்ச் அறிக்கையை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிய மழை மாலை வரை நிற்கவில்லை. இரண்டாம் எண் ஆடுகளத்தின் மேலிருந்த தார்ப்பாயை அன்று யாரும் எடுக்கவில்லை.